டிக்கெட் எடுக்கிற ஆள்

"நிறுத்தாம போங்கண்ணே! அங்க எப்பவும் நிக்கிறது பூரா பொம்பளைங்கதான். அத்தனையும் இலவச டிக்கெட்டு. வசூல் எங்கேர்ந்து வரும்?" என்றார் கண்டக்டர் வீரையன்.

நன்னிலம் போகும் அந்த டவுன் பஸ், நான்கு நாளாக அந்த நிறுத்தத்தைக் கண்டுகொள்ளாமல்தான் பறந்துகொண்டிருந்தது. டிரைவர் உலகநாதன் இன்றும் வேகத்தைக் கூட்டினார்.

ஆனால் இன்று மார்கழிப் பனியில் ஒரே ஒருவர்தான் நின்றிருந்தார். வேட்டி, முழுக்கைச் சட்டை, குளிருக்குத் தலையோடு முகத்தையும் மூடிய துண்டு. கையை ஆட்டினார்.

"அட, ஆம்பளை! நிறுத்துங்கண்ணே!" வீரையன் விசிலை ஊதினார்.

பஸ் நின்றதுதான் தாமதம், வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து பத்துப் பதினைந்து பெண்கள் சிரித்துக்கொண்டே ஓடிவந்து ஏறிவிட்டார்கள். போகட்டும், ஒரு டிக்கெட்டாவது தேறுமே என்று வீரையன் வேட்டிக்காரரிடம் போனார்.

"எங்கய்யா போறீங்க?"

துண்டு அவிழ்ந்தது. பூ வைத்த கொண்டை தெரிந்தது.

"நன்னிலத்துக்கு ஒரு மகளிர் டிக்கெட் குடுங்கண்ணே" என்றாள் அம்சம். "இன்னிக்கும் லேட்டா வந்தா வேலைக்கே வர வேணாம்னு கடைக்காரரு சொல்லிட்டாரு."

பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. வீரையனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

"நாளையிலேர்ந்து நிறுத்துறோம் தாயி. இந்த வேஷம் வேணாம்."

"கண்டிப்பா நிறுத்துங்கண்ணே. மாத்து வேட்டி இன்னும் காயல. எங்க வீட்டுக்காரரு என் புடவையைக் கட்டிக்கிட்டு வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்காரு!"