மூன்று மூடை

றாஹிலா பேனையை மூடி மேசையில் வைத்தபோது மற்ற நான்கு பேரும் தலை நிமிராமல் தாளில் இலக்கங்களைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

கல்முனை வாடிவீட்டு மண்டபத்தில் அன்று நேர்முகப் பரீட்சை. கொழும்பிலிருந்து வந்த காப்புறுதிக் கம்பனிக்கு ஒரேயொரு ஆள் தேவை. வெள்ளமோ வரட்சியோ எந்த ஊர் வயலை எத்தனை வருசத்துக்கு ஒருமுறை அழிக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் ஊருக்கு ஊர் கட்டணம் முடிவாகும்.

பேராதனையில் புள்ளிவிபரவியல் படித்துவிட்டு வந்த நாளிலிருந்து றாஹிலாவுக்கு இந்த வேலைதான் வேண்டும். ஊரில் எல்லோரும் டீச்சர் வேலையைக் காட்டினார்கள். வராத ஆபத்துக்கு இலக்கம் போடுவதும் ஒரு வேலையா என்று மாமா சீனிமுகம்மது வயிறு குலுங்கச் சிரித்தார்.

உம்மா மட்டும் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காலை பஸ்ஸில் கூடவே வந்து, வெளி விறாந்தையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கணக்குத் தாளில் இருந்தது அவளுடைய சொந்த ஊர். வரிப்பத்தான்சேனை, அறுபத்து நாலாம் ஆண்டிலிருந்து எண்பத்து மூன்று வரை. கம்பனிக்கு விளைச்சல் விபரம் கிடைக்கவில்லை. பள்ளிவாசலில் சேர்ந்த ஸக்காத்து நெல்லின் விபரம்தான் கிடைத்திருக்கிறது. ஸக்காத்து என்றால் விளைச்சலில் பத்தில் ஒன்றை மார்க்கக் கடமையாகக் கொடுப்பது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பத்தால் பெருக்கி, அதுதான் விளைச்சல் என்று எழுதிவிட்டார்கள்.

அதன்படி இருபது வருசத்தில் ஐந்து வருசம் பாதி வயல் அழிந்திருந்தது. இப்படிப்பட்ட ஊருக்குக் காப்புறுதி கொடுக்க எந்தக் கம்பனிக்கும் கை வராது.

றாஹிலாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடுத்ததாகப் பயம் வந்தது. தாளின் அடியில் கையெழுத்து வைத்திருந்த நடேசபிள்ளைதான் எதிரே உட்கார்ந்திருந்தார். கணக்குப் போட்டவர் அவர். வேலை கொடுக்கப்போகிறவரும் அவர்.

“இந்தக் கணக்கு பிழை சேர்,” என்றாள். “இந்த அஞ்சு வருசமும் குளம் வத்திட்டு. ஆத்துல மெசின் வச்சி இறைச்சித்தான் வெள்ளாமை செஞ்சாங்க. காசு குடுத்து இறைச்ச தண்ணிக்கு ஸக்காத்து இருவதுல ஒண்டு. நெல்லு குறையல்ல சேர், ஸக்காத்துதான் பாதியாகிட்டு.”

மற்ற நான்கு பேனைகளும் நின்றன.

நடேசபிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த ஐந்து வருசத்தையும் இரண்டால் பெருக்கிப் பார்த்தார். ஐந்தும் மற்ற வருசங்களோடு வந்து ஒழுங்காகச் சேர்ந்துகொண்டன. மனிதர் நல்லவர். பிழையை நான்கு பேர் முன்னால் ஒப்புக்கொள்ள அரை நிமிசத்துக்கு மேல் எடுக்கவில்லை.

பிறகு பென்சிலால் இன்னொரு வருசத்தைத் தட்டினார். சூறாவளிக்குப் பிந்திய போகம். எழுபத்தெட்டு நவம்பரில் விதைத்ததெல்லாம் வெள்ளத்தில் அழுகி, மாசியில் அரிவாளுக்கு வேலையே இல்லாமல் போன போகம். அங்கேயும் முப்பது மூடை என்றிருந்தது. பள்ளிவாசலுக்கு வந்தது மூன்று, பத்தால் பெருக்கி முப்பது.

“அவ்வளவு அழிவிலையும் முப்பது மூடை எடுத்திருக்கினமே?”

அந்த முப்பது இருந்தால் அது ஒருபோதும் முற்றாக அழியாத ஊர். எடுத்துவிட்டால் ஒருமுறை அடியோடு போன ஊர், கட்டணம் ஏறும். வாயைத் திறக்காமல் இருந்தால் ஊருக்கு நல்லது.

றாஹிலா விறாந்தைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

“அதை வெட்டிவிடுங்க சேர். அது விளைச்சலும் இல்ல, ஸக்காத்தும் இல்ல. ஒரு வீட்டுல நேர்ச்சையாக் குடுத்த பழைய நெல்லு. கொப்பியில ஒண்டா எழுதிட்டாங்க.”

எந்த வீடு என்று அவர் கேட்கவில்லை. முப்பதின் மேல் கோடு இழுத்து, பக்கத்தில் பூச்சியம் போட்டார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றாம் தேதி கொழும்புக்கு வர முடியுமா என்று கேட்டார்.

அவள் வெளியே வந்ததும் உம்மா எழுந்து நின்றார். முகத்தைப் பார்த்தே விசயம் தெரிந்துவிட்டது.

“உங்கட மூணு மூடைய முப்பதாக்கி வச்சிருந்தாங்க உம்மா. நான் வெட்டிப்போட்டன்,” என்று றாஹிலா சிரித்தாள்.

சூறாவளி அடித்தபோது அவள் கல்முனையில் சாச்சி வீட்டில் தங்கிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கல்முனைக் கடலோரத்தில் எல்லாம் போய்விட்டதாம் என்ற செய்தி மட்டும் வரிப்பத்தான்சேனைக்கு வந்தது. தென்னைகள் விழுந்து பாதை மூடிக் கிடந்தது. நான்காம் நாள் காலையில்தான் அவள் சேறும் காயமுமாக வீட்டு முற்றத்தில் வந்து நின்றாள். அப்போது சாப்பாட்டுக்கென்று வீட்டில் இருந்தது ஏழு மூடைப் பழைய நெல். உம்மா அதில் மூன்றை வண்டியில் ஏற்றிப் பள்ளிவாசலுக்கு அனுப்பினார். மகள் உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் கிடந்த நாளொன்றுக்கு ஒரு மூடை.

உம்மா முக்காட்டை இழுத்துச் சரிசெய்தார்.

“கொழும்புக்குப் போனா எப்ப வருவா?”

“மூணு மாசத்துக்கு ஒருக்கா.”

உம்மா பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார். விரல்களை மடித்து நாட்களை எண்ணிக்கொண்டே போனவர் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப இந்த முறை வெள்ளாமை நல்லா விளையோணும் புள்ள.”