ஒட்டிக்கொண்ட அரைப்புள்ளி

கணினி நிரலில் ஒவ்வொரு வரி முடியும்போதும் சாருமதியின் சுண்டுவிரல் விசைப்பலகையின் அரைப்புள்ளி (;) விசையைத் தொடும். அதற்காகவே அந்த விசை காத்திருக்கும்.

ஒருநாள் டீ கொட்டி, சர்க்கரை இறுகி, விசை அசையாமல் ஒட்டிக்கொண்டது. அப்போது கணினிக்கு ஒரு புது மொழி உருவாக்கிக்கொண்டிருந்த சாருமதி, அரைப்புள்ளியே தேவைப்படாத மொழியாக அதை முடித்துவிட்டாள். உலகமே அந்த மொழிக்கு மாறியது.

"உன்னை எல்லாருமே மறந்துட்டாங்க" என்று என்டர் விசை சீண்டியது.

"எல்லாரும் கெடக்கட்டும்க்கா. அவ விரல் ஒரு தடவை பட்டாப் போதும்" என்றது அரைப்புள்ளி.

வருடங்கள் போயின. அந்தப் பழைய விசைப்பலகையைப் பார்க்க வந்த மாணவி ஒருத்தி கேட்டாள்.

"உங்க மொழியில ஏன் மேடம் அரைப்புள்ளியே இல்ல?"

"இந்த வாலுதான் காரணம். அன்னைக்கு மக்கர் பண்ணிடுச்சு."

சாருமதியின் சுண்டுவிரல் மெல்ல இறங்கியது. அழுத்தவில்லை, தடவிக் கொடுத்தது.