எட்டாவது அடி

டம்… டம்… டம்… ஏழு அடி விழுந்தது. எட்டாவது விழவில்லை. பெரியவரின் குச்சி ஓங்கியது ஓங்கியபடியே நின்று, பிறகு மடிக்கு வந்து சேர்ந்தது.

பாட்டு டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டாள். குழுவில் இருந்த முப்பது பேரும் கடைசி வரியை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

"ஏழரை மறுபடியும் வேலையக் காட்டிருச்சு!" என்றார் முன்வரிசைத் தையல்காரர். ஹாலே கொல்லென்று சிரித்தது. ஏழரை என்பது டிரம் அடிக்கும் அந்தப் பெரியவருக்கு அவர்கள் வைத்த பெயர்.

நாடே எழுந்து நின்று பாடும் பாட்டு அது. கடைசி வரிக்கு முன்னால் எல்லாரும் வாயை மூடிக்கொள்ள, டிரம் மட்டும் எட்டு முறை அதிர வேண்டும். ஒரு காலத்தில் நடந்த சண்டையில் நம் வீரர்கள் பிடித்த எட்டுக் கோட்டைகளுக்கு எட்டு அடி என்று பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகூட விரல் விட்டு எண்ணும். இந்த மனிதருக்கு மட்டும் ஏழுக்கு மேல் எண்ணத் தெரியவில்லை!

நாளைக் காலை விழா. ரேடியோவில் நேரடி ஒலிபரப்பு வேறு. போன வருஷமும் இதே கூத்து நடந்து, விழாக் கமிட்டி டீச்சரைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தது. இன்றைய ஒத்திகையிலும் தப்பினால் டிரம்முக்கு வேறு ஆள் என்று அவள் கையில் கடிதமே கொடுத்துவிட்டார்கள்.

எல்லாரும் கிளம்பிப் போனதும் அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். கடிதத்தை நீட்ட மனசு வரவில்லை.

"ஐயா, கை வலிக்குதா? காது சரியா கேக்கலையா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

"கையும் காதும் நல்லாத்தான் இருக்கு, டீச்சரம்மா."

"அப்போ இன்னும் ஒரே ஒரு அடி. அதுல என்னங்கய்யா வீம்பு? நாளைக்கு அந்த இடத்துல வேற ஆளு உக்காரப் போறார்."

பெரியவரின் முகம் செத்துப் போயிற்று. சட்டென்று அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"வேற ஆள உக்கார வைக்காதீங்கம்மா. அவரு எட்டாவதையும் அடிச்சிருவாரு."

"அடிக்கத்தானே வேணும்?"

அவர் குச்சியை டிரம்மின் மேல் வைத்தார். பிறகு யாரோ ஒட்டுக் கேட்பதுபோலத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"கோட்டையாவது ஒண்ணாவது. அதெல்லாம் பின்னால கட்டிவிட்ட கதை. அந்தச் சண்டை நடந்தப்போ, ஊருக்குள்ள புகுந்து நம்ம சனங்களையே சுடச் சொன்னாங்க மேலதிகாரிங்க. எட்டு சிப்பாய்ங்க மாட்டோம்னு துப்பாக்கியக் கீழ வச்சிட்டாங்க. அந்த எட்டுப் பேருக்கும் மரண தண்டனை."

டீச்சர் நாற்காலியை இன்னும் அருகில் இழுத்துக்கொண்டாள்.

"முகாமுக்குப் பக்கத்துத் தெருவுல சந்தை. வெடிச் சத்தம் வெளிய கேட்டா ஊரு கொந்தளிச்சிரும்ல? அதனால மொத்தப் படையையும் வெளி மைதானத்துல நிறுத்தி இந்தப் பாட்டப் பாட விட்டாங்க. கடைசி வரிக்கு முன்னாடி பாட்ட நிறுத்திட்டு, உள்ளயும் வெளியயும் தெரியிற மாதிரி முகாம் வாசல்ல வச்ச டிரம்முல எட்டுக் கொட்டு. ஒரு அடிக்கு ஒரு குண்டு. அடி விழாம சுடக் கூடாதுன்னு உத்தரவு."

"அட கடவுளே…"

"அந்த எட்டுப் பேர நிறுத்தின சுவருக்கு அன்னிக்குத்தான் சுண்ணாம்பு அடிச்சிருந்தாங்க. அந்த வாடை மூக்குக்குள்ளயே நின்னுபோச்சும்மா. இப்பவும் சுண்ணாம்பு அடிச்ச வீட்டுக்குள்ள என்னால நுழைய முடியாது." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏழு அடி விழுந்துச்சு. ஏழு பேரு போயிட்டாங்க. எட்டாவது அடி விழல."

"விழலையா?"

"ஓங்கின குச்சி ஓங்கினபடியே நின்னுச்சு. அப்புறம் கை கீழ இறங்கிருச்சு. பாடுறவங்களுக்கு விஷயமே தெரியாது. கொஞ்சம் பாத்துட்டு, கடைசி வரியப் பாடி முடிச்சிட்டாங்க. அதுக்கப்புறம் சுட்டா சந்தைக்குக் கேட்டிரும். எட்டாவது ஆளக் கொண்டுபோய் ஜெயில்ல போட்டாங்க. மறுபடி நாள் குறிக்கிறதுக்குள்ள ஆட்சி மாறி, வெளிய விட்டுட்டாங்க. உத்தரவுல எட்டுன்னு எழுதியிருந்ததால, பாட்டுலயும் எட்டுன்னே நின்னுபோச்சு."

டீச்சர் அழுதாள். ஐந்து வயதிலிருந்து பாடுகிற பாட்டு. அந்த எட்டு அடிக்கும் உடம்பு சிலிர்க்கச் சிலிர்க்க நிமிர்ந்து நின்றிருக்கிறாள். 

கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தாள். "நாளைக்கு நீங்கதான் அடிக்கிறீங்க. ஏழே அடி. கமிட்டிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன், என்ன ஆனாலும் ஆகட்டும்."

பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் பதறிப்போய் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினாள்.

"நீங்க போய் என்னைக் கும்பிடுறதா? ஒரு உயிரக் காப்பாத்தின கைங்கய்யா இது! அவ்வளவு பெரிய உத்தரவ மீறின உங்கள, அப்புறம் எப்படிச் சும்மா விட்டாங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கொட்டு அடிச்சவனை மறுநாளே காட்டுக்குள்ள கொண்டுபோய்ச் சுட்டுட்டாங்கம்மா… நான் எட்டாவதா நின்னவன்."