தொண்ணூறாம் நாள் ஜாடி

மூன்று கார்களும் பல்கலைக்கழக வாசலுக்குள் நுழைந்தபோது, தவசிமுத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் அரைக் கிலோ பால்கோவா வாங்கிவர வேப்பமரத்தடியில் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தான்.

நிதிக்குழுத் தலைவர் பதினொரு மணிக்குத்தான் வருவதாகப் பேச்சு. ஆண்டாள் கோவிலில் அவரை வரிசையில் நிற்க விடாமல் நேரே உள்ளே கூட்டிப்போய்விட்டார்கள். தரிசனம் பத்தே நிமிஷத்தில் முடிந்து, ஒன்பதரைக்கே வந்து இறங்கிவிட்டார்.

தவசிமுத்து பைக்கை மரத்தோடு சாய்த்துவிட்டு மையத்துக்குள் ஓடினான்.

'பால்கோவா நீடாயுள் உயராய்வு மையம்' என்று அதற்குப் பெயர். சுற்றிப் பார்க்க வருகிறவர்களை முதலில் வணக்கம் சொல்லும் ரோபோவிடம் கூட்டிப்போவார்கள். பிறகு பறக்காத ட்ரோன். கடைசியாக இங்கே.

இயக்குநர் முனைவர் லிங்கேஸ்வரன் ஒரு பொடி கண்டுபிடித்திருந்தார். கிண்டும்போது ஒரு சிட்டிகை போட்டால் பால்கோவா தொண்ணூறு நாள் கெடாது. இதற்காக வாங்கிய விருதுகளுக்குச் சுவர் போதாமல், இரண்டை அவர் அறையின் கழிப்பறைக் கதவில் மாட்டியிருந்தார்கள்.

தொண்ணூறு நாள் ஆனதை வாயில் போட்டுப் பார்க்கத்தான் இதுவரை ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை. இயக்குநருக்கும்.

அதனால் விருந்தாளி வருகிற நாளில், 'தொண்ணூறாம் நாள்' என்று ஒட்டிய ஜாடியில் இருப்பதைத் தவசிமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் கொட்டுவான். கடையில் வாங்கிய புதுப் பால்கோவாவை அதில் நிரப்புவான். அந்த மரத்தடி எறும்புகள் கொழுகொழுவென்று இருப்பதை யாரும் ஆராயவில்லை.

பதினொரு வருஷமாக அவன் தினக்கூலி. நிரந்தரமாக்கும் ஃபைல் இயக்குநர் மேஜையில் இருந்தது. "இந்த விசிட் நல்லபடியா முடியட்டும்லே. அன்னைக்கே கையெழுத்து" என்றிருந்தார்.

இன்று ஜாடியில் இருந்தது அசல் தொண்ணூறாம் நாள்.

"சார், செத்த இப்படி வாங்களேன்."

"பொறவு, பொறவு" என்று கையை விசிறினார் இயக்குநர்.

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்ததில் தொடங்கிய அவரது உரை, இருபது நிமிஷத்தில் ஜாடியை வந்தடைந்தது. ஸ்பூனை நீட்டினார். தலைவர் தயங்கினார். போட்டோக்காரர் காத்திருந்தார். இயக்குநர் பெருந்தன்மையாகச் சிரித்து, தானே ஒரு ஸ்பூன் அள்ளி வாயில் போட்டுக் கண்ணை மூடித் திறந்தார்.

பிறகு தலைவரும் போட்டார்.

வேலை போனால் போகட்டும், உயிர் போகாமல் இருக்கட்டும் என்று தவசிமுத்து இருக்கிற சாமியையெல்லாம் கூப்பிட்டான்.

தலைவர் மென்றார். நிறுத்தினார். மறுபடியும் ஸ்பூனை ஜாடிக்குள் விட்டார்.

"இன்னிக்குக் காலையில செஞ்ச மாதிரியே இருக்கே!"

கைதட்டலில் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது.

கார்கள் விருந்தினர் மாளிகைக்குப் போனதும் இயக்குநர் அவனை அறைக்குக் கூப்பிட்டார். ஃபைலைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

"எந்தக் கடைலலே வாங்குன? இம்புட்டு நாள்ல இப்படி ஒரு ருசி வாய்க்கல. இனிமே அங்கனயே வாங்கு."

தவசிமுத்துவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தனக்காக மட்டுமில்லை, அவருக்காகவும்தான்.

"கடைக்கே போகல சார். அது நம்ம சரக்கு. நெசமான தொண்ணூறாம் நாளு. உங்க பொடி ஜெயிச்சிட்டு சார்!"

பேனா அந்தரத்தில் நின்றது.

இயக்குநரின் இன்னொரு கை வயிற்றுக்குப் போனது. அடுத்த நொடி, விருது மாட்டிய கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். அங்கிருந்து வந்த சத்தத்தில் விருதுகள் இரண்டும் ஆடின.

தவசிமுத்து பக்கத்து ஹாலுக்குப் போனான். ஜாடியைத் திறந்து, விரலால் கொஞ்சம் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தான். இன்னொரு தடவையும் வழித்தான்.

அவன் திரும்பி வந்தபோது இயக்குநர் முகம் கழுவிய ஈரத்தோடு நின்றுகொண்டிருந்தார். "கொல்லப் பாத்தியேலே! அந்த மனுசன் இந்நேரம் எந்த ஆஸ்பத்திரில கெடக்காரோ!"

போன் அடித்தது. அந்த மனுசன்தான். தெம்பாக இருந்தார். வீட்டுக்குக் கால் கிலோ வேண்டுமாம். அதே தொண்ணூறாம் நாள்தான் வேண்டுமாம்.

இயக்குநர் போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் விருதுகளைப் பார்த்தார்.

"ஓடு. கடைக்குப் போயி புதுசா கால் கிலோ வாங்கிட்டு வா."

"சார், அவிய நம்மளதுதான் கேக்காவ..."

"கேப்பாவ. ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஜெயிலுக்கு நீயா போவ? வாங்கிட்டு வந்தாத்தான் கையெழுத்து."

முக்கால் மணி நேரத்தில் தவசிமுத்து கடைப் பெட்டியோடு வந்து நின்றான்.

இந்தத் தடவை இயக்குநர் ஏமாறத் தயாராக இல்லை. தானே பிரித்தார். முகர்ந்தார். ஒரு விள்ளலை வாயில் போட்டு, ஆராய்ச்சியாளருக்கே உரிய நிதானத்தோடு சுவைத்தார்.

"பாத்தியாலே? புதுசுன்னா புதுசுதான்."

ஃபைலில் கையெழுத்துப் போட்டார்.

தவசிமுத்து ஹாலுக்குத் திரும்பினான். பழைய கடைப் பெட்டிகள் அடுக்கிய அலமாரியைச் சாத்தினான். ஜன்னலுக்கு வெளியே பைக், காலையில் சாய்த்த இடத்திலேயே நின்றது. ஸீட் முழுக்க வேப்பிலை உதிர்ந்து கிடந்தது.

தொண்ணூறாம் நாள் ஜாடியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான்.