போர்வை எண்ணும் அறை

அது செவ்வாயா, புதனா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரியின் துணி அறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு நான் போர்வை எண்ணிக்கொண்டிருந்தது மட்டும் நிச்சயம்.

போர்வை எண்ணுகிறேன் என்பது துணி அறை அக்காவிடம் நான் சொல்லிவைத்திருந்த பொய். பத்து வருடம் மருத்துவம் படித்தவனுக்கு அதைவிட நல்ல பொய் அமையவில்லை. உண்மையில் அழுதுகொண்டிருந்தேன்.

மூன்றாம் படுக்கைப் பெரியவர் அன்று காலையில் இறந்துவிட்டார். நான் தினமும் அவர் நாடியைப் பிடிக்க, "நீங்க சாப்பிட்டீங்களா தம்பி?" என்று அவர் என்னை விசாரிப்பார்.

என் சட்டைப் பையில் ராஜினாமாக் கடிதம் இருந்தது. "டாக்டர்னா கல்லு மாதிரி இருக்கணும். அழறவங்க வேற வேலை பாத்துக்கலாம்" என்று பெரிய டாக்டர் போன வாரம்தான் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். அவர் பாறை. நான் பஞ்சு, அதுவும் நனைந்த பஞ்சு.

முகம் துடைக்க ஸ்டூல் மேலிருந்த துண்டை எடுத்தேன். ஈரம்.

"என்னக்கா, துண்டு இன்னைக்கும் காயவே இல்லையே? லாண்டரிக்காரங்க தூங்குறாங்களா?" உள்ளிருந்தே அதட்டினேன். மூக்கு அடைத்திருந்ததால் அதட்டல் சரியாக வரவில்லை.

"வேற தரேன் டாக்டர். நீங்க கொஞ்சம் சீக்கிரம் எண்ணுங்க."

"என்ன அவசரம்? போர்வை எங்கயும் ஓடிடாது."

அக்கா கதவை இரண்டு முறை தட்டினார். அப்படித் தட்டுகிற ஆளே இல்லை அவர். கதவைத் திறந்தேன்.

வாசலில் பெரிய டாக்டர். என் சிவந்த கண்களைப் பார்த்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று கடிதத்தை எடுத்து நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. அக்கா மடித்த துண்டையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

"எண்ணியாச்சா?" என்றார் பெரிய டாக்டர்.

"ஆச்சு சார்."

"அப்ப கொஞ்சம் தள்ளுங்க. காலையில நான் பாதியிலயே விட்டுட்டு வந்துட்டேன்."

அக்காவிடமிருந்து காய்ந்த துண்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். தாழ் விழுந்தது.

கடிதத்தை நான் கிழித்துவிட்டேன். பெரிய டாக்டர் போன ஆண்டு ஓய்வு பெற்றார். அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறார். துணி அறைக்கு வெளியே இப்போது இரண்டு நாற்காலி போட்டிருக்கிறார்.