ஃபேன் ஓடாத அறை

வேலப்பன் ஹார்பர் வேலை முடிந்து வந்ததும் மகள் ஷாலு வாசலிலேயே மறித்தாள்.

"சத்தம் போடாம வா நைனா. போனக் குடு."

வாங்கிய போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். டிவி பிளக் பிடுங்கிக் கிடந்தது. சாத்திய அறைக்குள் ஃபேன்கூட ஓடவில்லை.

"இன்னாம்மா இதெல்லாம்?"

"நாளைக்குக் காலையில ஆரம்பம். மனசு அலையக் கூடாது நைனா. ஒரு நேரத்துல ஒரு வேலைதான். வீடியோ பாத்து எல்லாம் தெரிஞ்சிகினேன்."

போன வருஷம் கடைசி நேரத்தில் கோட்டை விட்டதை வேலப்பனும் மறக்கவில்லை. செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றி வைத்தார்.

எதிர்வீட்டு கௌசர் எட்டிப் பார்த்தாள். "தம்பி பரீட்சைக்குப் படிக்குதா?"

"மிக்ஸிய மட்டும் அப்பால போடுக்கா," என்றாள் ஷாலு.

அப்போது அறைக் கதவு படாரென்று திறந்தது. விரலெல்லாம் கேரம் பவுடரோடு, வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தாள் தாயம்மா. சமையற்கட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்த தம்பி அறிவு, அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"இன்னாடி இது, எழவு வூடு மாதிரி கீது? ஒரு காயும் வுழ மாட்டேங்குது. லாரி ஹாரனு, மைக் செட்டு, அதுக்கு நடுவுல ஆடிக் கத்துகினவ நானு. நாளைக்கு ஃபைனல வெச்சிகினு வெளாடுறியா? கௌசரு, நீ மிக்ஸியப் போடு."

மிக்ஸி அலறியது. தாயம்மா திரும்பிப் போன அறைக்குள் ரெட்டும் அதன் ஃபாலோ காயும் அடுத்தடுத்துக் குழியில் விழும் சத்தம் கேட்டது.

வேலப்பன் டிவியைப் போட்டு, சத்தத்தை நன்றாகக் கூட்டி வைத்தார்.