பசு வாசலில் இல்லை

"அவங்க ரெண்டு பேரும் என்னைத்தான் கிண்டல் பண்றாங்க, கீத். சந்தேகமே இல்லை!"

லொரேன் உருளைக்கிழங்கைக் கோபமாகச் சீவினாள். கீத்துக்குப் படகு எஞ்சின் பார்க்கும் வேலை கிடைத்து, லிவர்பூலிலிருந்து அயர்லாந்தின் இந்தக் கானமாராக் கடலோரத்துக்கு வந்து நான்கு மாதம். இவளுக்கு நண்டு உடைக்கும் கூடத்தில் வேலை. எதிரே உட்காரும் நோராவும் பிரீஜும் நாள் முழுக்க ஐரிஷில்தான் பேசுவார்கள். நடுநடுவே இவளைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

"அதுக்காக நாப்பத்தாறு வயசுல ஐரிஷ் படிக்கணுமா? ஆறு வருஷம் பிரெஞ்சு படிச்சியே, பாரிஸ்ல ஒரு காபி வாங்க முடிஞ்சுதா?"

"அது பரீட்சைக்கு. இது மானத்துக்கு!"

ஐரிஷ் பாடப் புத்தகம் ஒன்று வாங்கி, யாருக்கும் தெரியாமலிருக்கச் செய்தித்தாள் அட்டை போட்டாள். தேநீர் இடைவேளையில் கழிப்பறைக்குள் ஒளிந்து படித்தாள். நல்லவேளை, அந்த ஊர்ப் பேச்சே நிதானம். ஒன்றையே மூன்று தரம் சொன்னார்கள்.

"இன்னிக்கு முழுசாப் புரிஞ்சுது, கீத்!"

"என்ன பேசினாங்க?"

"பசு வாசல்ல நிக்குதாம். அப்புறம், பசு வாசல்ல இல்லையாம்."

"நீதான் பசுவா?"

"வேற யாரு? ஜாடையாப் பேசறாளுங்க!"

பசு போய் மழை வந்தது. மழை போய்ப் பக்கத்து வீட்டுக் கல்யாணம் வந்தது. லொரேன் விடவில்லை. குளிர்காலம் முழுக்கப் படித்தாள்.

"நாளைக்கு அவங்க மொழியிலயே திருப்பிக் கொடுக்கப் போறேன். கொடுக்க முடியலைன்னா வேலைக்கே போகமாட்டேன்."

"ஐரிஷ்ல திட்டத் தெரியுமா உனக்கு?"

"'எனக்கும் காது இருக்கு'ன்னு சொன்னாப் போதும்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. வேலை முடிந்து, நோராவும் பிரீஜும் குழாயடியில் முதுகைக் காட்டி நின்று கை கழுவிக்கொண்டிருந்தார்கள். மனதுக்குள் ஒத்திகை பார்த்தபடி லொரேன் பின்னால் போய் நின்றாள்.

வாயைத் திறக்கப் போனாள். பிரீஜ் களுக்கென்று சிரித்தாள். நோரா குரலைத் தணித்து மளமளவென்று ஏதோ சொன்னாள். முதல்முறையாக, அந்த வேகத்திலும் ஒரு வார்த்தைகூடத் தவறாமல் லொரேனுக்குப் புரிந்தது.

"சிரிக்காதேடி, பாவம், நமக்குத் தெரியாதுன்னு ஒளிச்சு ஒளிச்சுப் படிக்கிறா. கல்யாணப் பாடம் முடிஞ்சுது. திங்கட்கிழமை பத்தொன்பதாம் பாடம். உன் புத்தகத்தைப் பார்த்துட்டு வா!"